இரவோடு இரவாகப் போன கொங்கர்கள்

மனிதர்களில் வேர்பிடுங்கிகள் என்று ஓர் இனம் உண்டு. கரும்புக் கொல்லையில் கோரைக்கிழங்கைத் தோண்டி எறிபவர்களைச் சொல்லவில்லை. அவர்களால் ஊருக்கு நன்மை. இது சொற்களின் வேரைப் பிடுங்கும் இனம். நீங்கள் பாட்டுக்கு, "அந்த அலமாரியைக் கொஞ்சம் நகர்த்துங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள். அலமாரி நகராது. அவர்தான் நகர்ந்து, வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அலமாரின்னா இன்னா தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். துணி வைப்பது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டது அது இல்லை. அலை மாதிரி தட்டுத் தட்டாக இருப்பதால் அது அலைமாதிரி. நடுவில் ஓர் எழுத்து விழுந்து அலமாரி. போர்த்துகீசியன் அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோய், தன்னுடையது என்று நமக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். துணியை நீங்கள் தரையில்தான் வைக்க வேண்டும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். மருவியது, திரிந்தது, விழுந்தது என்ற மூன்று சொற்கள் பேச்சில் தவறாமல் வரும். காதுக்கு ஒத்துவராத எழுத்து மருவும். மருவ மறுப்பது திரியும். அதற்கும் மசியாத முரட்டு எழுத்து விழுந்தேவிடும். இப்படி வழியெல்லாம் விழுந்து கிடக்கும் எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்தால், யாருக்கும் சொந்தமில்லாத புது மொழி ஒன்றையே செய்துவிடலாம்.

பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலத்தில், வில்லியனூர் கொம்யூன் என்ற ஊராட்சியைச் சேர்ந்த உறுவையாறு கிராமத்தில் ஆதிமூலம் என்று ஒருவர் இருந்தார். பெயர் வைத்த அன்றே விதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்க வேண்டும். ஆதி என்றால் முதல், மூலம் என்றால் வேர். நெல்லும் கரும்பும் விளையும் நிலம், யாரோடும் வரப்புச் சண்டை போடாத குணம், கனகாம்பாள் என்ற மனைவி, அமுதம் என்ற ஒரே மகள். இவ்வளவு இருந்தும் மனுஷனுக்கு உலகத்தின் மேல் ஒரு தீராத குறை. தான் தமிழிலிருந்து வந்ததை அது ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறதே.

கொம்யூனுக்குத் தலைவரை மேர் என்கிறார்களே, அது மேலார். நடுவில் லா விழுந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலையில் 'போன்ழூர்' என்று கும்பிடுகிறானே, அது பொன்னூர். நம் ஊரைத்தான் வாழ்த்துகிறான். அந்தச் சொல்லில் ழகரம் இருப்பதே போதாதா? உலகத்தில் ழகரம் உள்ள ஒரே மொழி தமிழ்தானே. இதை ஆதிமூலம், "அந்த எயுத்து தமியுக்கு மட்டும்தான் உண்டு" என்று அடித்துச் சொல்வார். அந்தப் பக்கத்து நாக்கில் ழகரம் யகரமாகத்தான் வரும். வாழைப்பழம் வாயப்பயம், மழை மய, தமிழ் தமியு.

"அது சரிண்ணே. சாயங்காலம் ஆனா போன்சுவார்ங்கறானே, அது இன்னா?" என்று அடுத்த கொல்லைக்காரர் பலராமன் கேட்டார்.

"பொன் சுவர். இருட்டிடுச்சின்னா ஊருக்குச் சுவர் வேணும்ல."

பலராமன் அப்புறம் எதையும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் பக்கத்து ஊர் மாதா கோயிலுக்கு ஒகுஸ்தேன் என்ற பிரெஞ்சுச் சாமியார் மாற்றலாகி வந்தார். இளமையில் கனடாவில், பனிக்காட்டில், கிரீ என்ற மக்களோடு வெகுகாலம் இருந்து, அவர்கள் மொழியிலேயே பிரசங்கம் செய்தவர். குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டதால் வெயிலுள்ள ஊர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வெயில் கிடைத்தது. கூடவே ஆதிமூலமும் கிடைத்தார்.

முதல் சந்திப்பிலேயே ஒகுஸ்தேன் என்பது அகத்தியன்தான் என்று முடிவாகிவிட்டது. சாமியார் பொறுமையாகச் சிரித்தார். அதை ஆதிமூலம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கிரீ ஜனங்க, நான்னு சொல்றதுக்கு இன்னா சொல்வாங்க சாமி?"

"சமவெளியில் இருப்பவர்கள் 'நீயா' என்பார்கள்."

ஆதிமூலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. "நீயான்றது தமியாச்சே சாமி."

"உமக்கு அது நீயா. அவர்களுக்கு அது நான். நேர் எதிர்ப் பொருள், ஆதிமூலம்."

"அவ்ளோ தூரம் போறப்ப, நான் எது நீ எதுன்னு மறந்துட்டிருப்பாங்க. கப்பல்ல போனா நமக்கே தலை சுத்துது."

அந்த ஜனங்கள் எந்தக் குடும்பம் என்று ஆதிமூலம் கேட்டார். அல்கொங்கியன் என்ற பெரிய மொழிக் குடும்பம் என்று சாமியார் சொன்னதுதான் தாமதம். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே வேலை முடிந்துவிட்டது. அல் என்றால் இரவு. கொங்கியர் என்றால் கொங்கர். ஆக, இரவோடு இரவாகக் கொங்கு நாட்டை விட்டுப் போனவர்கள். கிரீ என்பது கிரி, மலை. கொங்கு நாட்டில் மலை இருக்கிறது. இதற்கு மேல் சாட்சி எதற்கு? ஏன் இரவில் போனார்கள் என்று கேட்கத்தான் பலராமன் வாயெடுத்தார். "பகல்ல போனா வுடுவாங்களா?" என்று ஆதிமூலம் முந்திக்கொண்டார்.

இது காதுக்கு எட்டியதும் சாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. கனடாவில் கரடி துரத்தியபோதுகூட அவர் அப்படிச் சிவந்ததில்லை.

"உமக்குப் பங்காளி யார், மாமன் மச்சான் யார், சும்மா அடுத்த வீட்டுக்காரன் யார் என்று தெரியுமா, தெரியாதா?"

"அது தெரியாம இன்னா சாமி."

"மூஞ்சிச் சாயலை வைத்தா முடிவு செய்கிறீர்?"

"அதெப்படி. சந்தைக்குப் போனா என் சாடைல எத்தினியோ பேரு இருப்பான்."

"அப்படியென்றால் மொழியில் மட்டும் ஏன் சாயலைப் பிடித்துத் தொங்குகிறீர்?" என்று கேட்டுவிட்டுச் சாமியார் பாடம் எடுத்தார். கிரீ மக்களில் ஒரு கூட்டம் 'நீயா' என்னும் இடத்தில் இன்னொரு கூட்டம் 'நீனா' என்கிறது, வேறொன்று 'நீலா', இன்னுமொன்று 'நீரா'. இது ஒரு சொல்லோடு நிற்பதில்லை. உன்னைக் குறிக்கவும் கீயா, கீனா, கீலா, கீரா. காற்றடித்தால் ஒருவன் 'யோத்தின்' என்பான், அடுத்தவன் 'நோத்தின்', அதற்கடுத்தவன் 'லோத்தின்'. இவனுக்கு ய வரும் இடத்தில் அவனுக்கு ன. எந்தச் சொல்லை எடுத்தாலும் கணக்குத் தவறாது. அதுதான் பங்காளி. கொஞ்சம் தள்ளி ஓஜிப்வே மக்கள், ஒன்றுவிட்ட பங்காளி. மேற்கே கறுங்காலர் என்று ஒரு கூட்டம்; அவர்களும் அதே வீடுதான், ஆனால் நெடுங்காலம் தனியாக இருந்து ஆளே மாறிப்போனவர்கள். அதே ஆற்றில் தண்ணீர் மொண்டு குடிக்கும் மொஹாக் மக்கள் இருக்கிறார்களே, அவர்கள் மொழிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கண்டத்தின் அந்தக் கோடியில், மேலைக் கடலோரத்தில் இரண்டு சின்ன மொழிகள் கிடக்கின்றன. அவையும் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான் என்கிறார் ஒரு பண்டிதர். கிடையவே கிடையாது என்கிறார் இன்னொருவர். வழக்கு இன்னும் தீரவில்லை.

"சொத்து பெரிசா சாமி?" என்று ஆதிமூலம் கவலையோடு கேட்டார். பங்காளி வழக்கு வேறு எதற்காக நடக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

சாமியார் தண்ணீர் குடித்தார். "கேளும். அந்தக் குடும்பத்திலும் உங்களைப் போலவே நாம் வேறு, நாங்கள் வேறு. நான் முதல் பிரசங்கத்தில் 'நாம் எல்லோரும் பாவிகள்' என்பதற்குப் பதிலாக, 'நாங்கள் எல்லோரும் பாவிகள்' என்று சொல்லிவிட்டேன். பாதிரிமார் மட்டும்தான் பாவி என்று அர்த்தம். ஜனங்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். இந்த ஒற்றுமையை வைத்து அவர்களை உமக்குச் சொந்தமாக்கிவிடலாமா? கூடாது. எழுத்துக்கு எழுத்து, சொல்லுக்குச் சொல் ஒழுங்காக மாறி வர வேண்டும்."

ஆதிமூலம் கொஞ்சம் யோசித்தார். "எங்க பக்கம் வாயப்பயம்ன்றோம், மயன்றோம், கோயின்றோம். பொஸ்தகத்துல வேற எயுத்து. எல்லா சொல்லுலயும் அப்டித்தான் மாறுது. அது மாதிரியா?"

சாமியார் மலர்ந்துபோனார். "அதேதான். சரியாகச் சொன்னீர்."

வந்த வினை இங்கேதான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு படித்தவர் வாயால் 'சரி' என்று கேட்டுவிட்ட வேர்பிடுங்கியை அதற்கப்புறம் கட்டிப்போட முடியுமா? பாடத்தில் பாதியை மறந்துவிட்டு மீதியைக் கூர் தீட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குள் வந்தார் ஆதிமூலம்.

அப்போது அமுதத்துக்குப் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் கூடிவந்திருந்தது. பையன் பெயர் தங்கவேல். வில்லியனூர்த் தேரில் வடம் பிடித்தவனை அமுதமும், வடம் பிடிப்பதை விட்டுவிட்டு அமுதத்தை அவனும் பார்த்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. பெரியவர்கள் விசாரிக்க வேண்டியதெல்லாம் விசாரித்தாயிற்று, முக்கியமாகக் குலதெய்வம். அந்தப் பக்கத்தில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. ஆதிமூலத்துக்கு வாழ்முனி. மாப்பிள்ளையின் அப்பா உலகநாதனுக்கு வாய்க்கால்முனி. சாமி வேறு வேறு. ஆகவே சம்மந்தம் கூடும் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

நிச்சயத்துக்கு உலகநாதன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். நிதானமான மனுஷர், யார் எதைச் சொன்னாலும் முழுசாகக் கேட்டு முழுசாக நம்புகிறவர். சாப்பாடு முடிந்து, வெற்றிலைபாக்குத் தட்டைக் கையில் எடுத்து, மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம்.

"சம்மந்தி, தை மாசம் எங்க வாய்க்கால்முனிக்குப் பொங்க வெப்போம். நீங்க குடும்பத்தோட வரணும்," என்றார் உலகநாதன்.

ஆதிமூலத்தின் காது நிமிர்ந்தது. "இன்னா முனி?"

உள்ளே கனகாம்பாள் தொண்டையைச் செருமினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் செருமியபோதெல்லாம் அவர் பேசியே தீர்ந்திருக்கிறார். அன்றும் பேசினார். கனடாவில் தொடங்கினார். இரவோடு இரவாகப் போன கொங்கர்களைச் சொன்னார், நீயா நீனா நீலா என்றார், பொன்னூரையும் அலைமாதிரியையும் போகிற போக்கில் தொட்டுக்கொண்டு, வாழைப்பழத்துக்கு வந்து சேர்ந்தார். "பொஸ்தகத்துல இருக்கற எயுத்து நம்ம நாக்குல யகரமாத்தான் வரும். எங்க முனிய நாங்க எப்டிக் கூப்புடறோம்? வாய்முனி. உங்குளுது வாய்க்கால்முனி. நடுவுல கால் வியுந்துடுச்சி, அவ்ளோதான். உங்க முனியும் எங்க முனியும் ஒரே முனி சம்மந்தி. நாம ஒரே வூடு."

தாம்பூலத் தட்டு உலகநாதன் கையில் பாதி வழியில் நின்றது.

"ஒரே சாமியா?"

"சந்தேகமே வேணாம்."

"அப்ப நாம பங்காளி."

"பின்ன," என்றார் ஆதிமூலம் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் அவர் காதுக்கே போய்ச் சேர்ந்தது.

உலகநாதன் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "நல்ல வேளை, தாலி கட்றதுக்கு முன்ன சொன்னீங்க. பங்காளி வூட்ல பொண்ணு எடுத்தா முனி சும்மா வுடாது. நாங்க கெளம்பறோம் பங்காளி."

வரும்போது சம்மந்தியாக வந்தவர் பங்காளி என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். சாப்பாட்டின்போது 'நாம' என்று இருந்தது வாசலில் 'நாங்க' ஆகிவிட்டிருந்தது. தங்கவேல் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பெரியவர்களைப் பார்க்கக்கூடிய பார்வை இல்லை அது.

கனகாம்பாள் கத்தவில்லை. "பொண்ணுக்குப் புருசன் தேடச் சொன்னா, அண்ணன் தேடிக் குடுத்துட்டீங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அமுதம் கிணற்றடியில் உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றபோது நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"நீ சொன்னது நெசமாப்பா?"

நிஜம் என்றால் மகள் வாழ்க்கை போயிற்று. நிஜமில்லை என்றால் இத்தனை வருஷமாகப் பிடுங்கிச் சேர்த்த அத்தனையும் போயிற்று. ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாமியாரிடம் போனார். ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதிலைச் சொல்ல முடியாமல் அந்த இடத்தை விட்டுப் போனதற்காக அவருக்கே அவர் மேல் வெறுப்பாக இருந்தது.

சாமியார் முழுசாகக் கேட்டார். சிரிக்கக் கூடாத இடம் என்பதால் தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஒழுங்காக ழ சொல்லுகிற ஊர்க்காரன் உம்முடைய முனியை எப்படிச் சொல்வான்?"

"அவன் பொஸ்தகத்துல இருக்கறாப்பல சொல்வான்."

"வாய்க்காலை வாழ்க்கால் என்பானா?"

ஆதிமூலம் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "சொல்ல மாட்டான் சாமி."

"ஆகவே அது வேறு சொல். உங்கள் நாக்கு இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. இது சாயல், உறவில்லை. போய் அவரிடம் சொல்லும்."

"நானா?"

"வேறு யார்? முடிச்சுப் போட்டவர் நீர்."

பாகூருக்குப் போகும் வழியில் பிரெஞ்சு மண் முடிந்து இங்கிலீஷ்காரன் மண் வரும், மறுபடி பிரெஞ்சு மண் வரும். எல்லைச் சாவடியில் வண்டி நின்றபோது 'சாவடி' என்ற சொல்லைப் பார்த்து ஆதிமூலத்தின் நாக்கு லேசாகத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

உலகநாதன் வாசலுக்கே ஓடிவந்தார். "வாங்க பங்காளி, வாங்க. நானே வரலாம்னு இருந்தேன். நீங்க சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. இன்னும் சாட்சி கெடைச்சிருக்குது."

"இன்னா சாட்சி?"

"எங்க பாகூர்ல ஊர் இருக்குதா? உங்க உறுவையாறுல உறு இருக்குதா? ரெண்டும் ஒண்ணுதான். ஒரே ஊராத்தான் இருந்துக்குது."

"அது சும்மா சாயலுங்க. எல்லா ஊர்லயும் ஊர் இருக்கும்."

"மருவியிருக்குது பங்காளி," என்றார் உலகநாதன், குழந்தைக்குச் சொல்வது போல.

ஆதிமூலம் வாழ்க்கால் கணக்கைச் சொன்னார். திரிந்திருக்கும் என்றார் உலகநாதன். ஒழுங்காக ழ சொல்கிற ஊர்களை ஆதிமூலம் வரிசையாகச் சொன்னார். "அங்கல்லாம் வியுந்துடுச்சி," என்றார் உலகநாதன், கண்ணில் ஒளி வழிய. தான் பேசினால் எதிரே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்பதை ஆதிமூலம் வாழ்நாளில் முதல்முறையாக உட்கார்ந்து அனுபவித்தார். பலராமனை நினைத்துப் பார்த்தார். பாவம், நல்ல மனுஷன்.

தங்கவேல் மாட்டுக்கு வைக்கோலைப் போட்டுவிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் கிணற்றடியும் கழுவிய பாத்திரங்களும் ஆதிமூலத்தின் கண்முன் வந்தன. நேரான வாதத்தால் இந்த மனுஷரை அசைக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. ஒரே வழிதான் இருந்தது.

"நான் சொன்னது தப்புங்க."

"எது தப்பு?"

"எல்லாம்."

"அலமாரி?"

"தப்பு."

"பொன்னூரு?"

"அதுவும்தான்."

உலகநாதன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நம்ப முடியாத குரலில் கேட்டார். "கனடால கீற நம்ம ஜனங்க?"

இந்த இடத்தில்தான் ஆதிமூலம் தோளிலிருந்து துண்டை எடுத்தார். பனியில், தோல் சட்டை போட்டுக்கொண்டு, இரவோடு இரவாகப் போன கொங்கர்கள் ஆற்றங்கரையில் வரிசையாக நின்று இவரையே பார்ப்பது போல இருந்தது. அவர்களில் ஒருவன் 'நீயா' என்றான். நான் என்று சொன்னானா, நீயா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டானா, தெரியவில்லை.

"அவங்க யாரோ, நாம யாரோ," என்றார் ஆதிமூலம். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஒரு மருமகனுக்காக ஒரு கண்டத்தையே விட்டுக்கொடுத்த மாமனார் கொம்யூனில் அவர் ஒருவர்தான்.

உலகநாதன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் இவ்வளவு வலியோடு ஒன்றைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. "சரி வுடுங்க சம்மந்தி. கை கழுவுங்க, சாப்புடலாம்," என்றார்.

சித்திரையில் கல்யாணம் நடந்தது. ஆதிமூலம் மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை. கனகாம்பாள் அந்த மூன்று நாளைத்தான் கடைசிவரை தன் நல்ல காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தியில் ஒகுஸ்தேன் சாமியார் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தவர் உலகநாதன். சாமியார் இலையில் பாயசம் விழுந்ததும், பாயசம்னா இன்னா தெரியுமா சாமி என்று அவர் கேட்டது ஆதிமூலத்தின் காதில் விழுந்தது. இந்த வேர் பிடுங்கும் நோய் ஒட்டுவாரொட்டி என்று யாரும் அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்கிறீர்கள். சிரியுங்கள், நமக்கென்ன. ஒரு சின்னத் தகவலோடு முடித்துக்கொள்ளலாம். சாமியார் சொன்ன அந்த ஒன்றுவிட்ட பங்காளிகள், ஓஜிப்வே மக்கள், அவர்கள் மொழியில் 'மீன்' என்று ஒரு சொல் உண்டு. தண்ணீரில் நீந்துவது இல்லை. புதரில் காய்க்கும் ஒரு காட்டுப்பழம். கருநீலமாக, உருண்டையாக, குண்டுமணி அளவில் இருக்கும். அவ்வளவுதான். வெறும் சாயல்; உறவு கிடையாது.

சரி, இப்போது உண்மையைச் சொல்லுங்கள். உருண்டை, பளபளப்பு, மீன் கண், ஏன், வானத்து மீன்கூட மினுங்குவதுதானே என்று உங்களுக்குள் யாரோ நகர்ந்து வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாரே, அவர் யார்? வீட்டில் கல்யாணப் பேச்சு ஏதாவது நடந்துகொண்டிருந்தால், தட்டு மாற்றும்வரை தயவுசெய்து அவரை வெளியே விடாதீர்கள்.